டேட்டாவுக்குப் பல் முளைத்த கதை

பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு பெண் ஊரார் பல்லையெல்லாம் மடியில் பரப்பி வைத்துக்கொண்டு மேலுக்குக் கீழ் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார யாருக்கு மனசு வரும்? அன்றைக்கு நல்ல மழை. அப்படியும் அந்தப் பெஞ்சில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கூரைக்கு வெளியே நின்று கௌரவமாக நனைந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாம் பிளாஸ்டர் பற்கள். டாக்டர்கள் நோயாளி வாயில் எடுக்கிற அச்சுகளைக் கிளினிக் கிளினிக்காகப் போய் வாங்கி, பல்செட் செய்கிற லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய பகுதி நேர வேலை. மழைத் தண்ணீர் பைக்குள் இறங்கி, அச்சில் ஒட்டியிருந்த சீட்டுகளின் மையெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. எந்த மேல்தாடைக்கு எந்தக் கீழ்த்தாடை என்று கடவுளுக்குத்தான் தெரியும். போனைப் போட்டு ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்திருக்கும். இவளோ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஆள் இடது பக்கமே மெல்லுகிறவர். இந்தம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர். தேய்ந்தது தேய்ந்ததோடு போய் உட்கார, பொருந்தின இடத்தில் ஒரு சின்ன 'டக்'. வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தாள்.

லேபில் சரிபார்த்ததில் ஒரு ஜோடியைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒரு ஜோடி எப்படித் தப்பிற்று என்றுதான் அந்த வாரம் முழுக்க அவளுக்கு யோசனை. ஆக, நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் அவள் கடல் கடந்து வந்தது டேட்டா சயன்ஸ் மேல்படிப்புக்கு. அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் காப்பி எடுக்க வந்தவர் யாரானாலும் மகள் பெருமை இரண்டு பக்கம் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். தம்பிக்காரன் அக்கா பெயரையே மாற்றி 'டேட்டா' என்று வைத்துவிட்டான். அதுவே நிலைத்தும் போயிற்று.

படிப்பு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி வந்தது. மரியாதையாக உட்கார்ந்துவிட்டு மரியாதையாகப் போயிற்று. பல் அப்படியில்லை. சாப்பிடும்போது எதிரே இருப்பவரின் வாயையே பார்க்கிறாள் என்று அறைத்தோழி, நர்ஸிங் படிக்கிறவள், தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரத் தொடங்கியிருந்தாள்.

அதே கல்லூரியில், எதிர்க் கட்டடத்தில், பல்செட் தொழில்நுட்ப டிப்ளமோ ஒன்று இருப்பது தெரிய வந்தது. போய்க் கேட்டாள். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் செதுக்கச் சொன்னார்கள். செதுக்கிக் காட்டினாள். வகுப்பாசிரியர், இடம் காலியாக இருக்கிறது, பதிவு வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமையிலிருந்து வந்து உட்கார் என்றார். உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த இடத்தில் அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் எந்தக் காரியத்தையும் முடிக்கிற வரைக்கும் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்பா மில் வேலையை விட்டுக் கடை வைத்த சங்கதி, கடைக்குப் போர்டு மாட்டின பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். அத்தை பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து, "காபி போடட்டுமா, மூணு பேருக்கா நாலு பேருக்கா?" என்று கேட்டபோதுதான் வாசலில் ஒரு மாப்பிள்ளை நிற்பதையே வீடு கவனித்தது. சொன்னால் தடுப்பார்கள், தடுத்தால் கெடும். செய்துவிட்டுச் சொன்னால் திட்டுவதோடு போயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பலித்து வந்த சூத்திரம். ஒரே கல்லூரி, ஒரே கேட், கழுத்தில் அதே அடையாள அட்டை, இதில் போய் யாரிடம் என்ன சொல்வது என்று டேட்டாவும் இருந்துவிட்டாள்.

விசாவின் சூத்திரம் நேர் எதிர். சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. மேல்படிப்பு வகுப்பில் உங்களைக் காணவில்லை, நேரில் வரவும். அறைத்தோழி படித்துப் பார்த்து, விஷயத்தையும் கேட்டுவிட்டுக் கட்டிலில் சப்பென்று உட்கார்ந்தாள்.

"விசா உன் மூஞ்சிக்கா குடுத்தாங்க? நீ படிக்கிற படிப்புக்குக் குடுத்தாங்கடி. அதுலேர்ந்து இறங்கினா விசாவும் இறங்கிடும்."

"காலேஜ் மாறலையே?"

"வீடு மாறல, புருஷனை மட்டும் மாத்திட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

டேட்டாவுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. வகுப்புக்கு வராதவள் என்று கல்லூரி மேலே, விசா அலுவலகத்துக்கு, எழுதிவிட்டால் விசா ரத்து. ரத்தானால் டேட்டாவும் இல்லை, பல்லும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் நிற்க வேண்டியதுதான். மறுபடி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இந்தக் கறை முன்னால் போய் நிற்கும்.

ஊரில் விசா வாங்கிக் கொடுத்த ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். அவர் பதறவே இல்லை. அவருடைய தொழிலில் பதறுவது வாடிக்கையாளரின் வேலை. உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடு, அப்புறம் பேருக்கு இந்த வகுப்பு, ஆசைக்கு அந்த வகுப்பு, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். கடைசியில் தத்துவமும் உதிர்த்தார்: "உண்மையைச் சொல்றதுக்கு அவங்க என்ன உன் மாமியாராம்மா?"

மாமியாரிடம் உண்மை பேசுகிற குடும்பத்தை அவர் எங்கே பார்த்தாரோ தெரியவில்லை. ஆனால் யோசனை இனித்தது. அலுவலகத்துக்குப் போகிற வழியெல்லாம் டேட்டா மனசு சரியில்லாதவள் மாதிரி நடந்து பார்த்தாள். உண்மையிலேயே சரியில்லாததால் அது சுலபமாகவும் வந்தது.

கவுண்டரில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. நாற்காலியைக் காட்டினார். திரையில் வருகைப் பதிவைப் பார்த்தார். கேட்கும்போதே பதிலையும் எடுத்து நீட்டினார்.

"உடம்பு சரியில்லையா?"

தலையாட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். டேட்டா தலையை ஆட்டத்தான் போனாள். ஆட்டினால், நாளைக்கும் எதிர்க் கட்டடத்துக்கு ஒளிந்துதான் போக வேண்டும், நாளை மறுநாளும் அப்படித்தான் என்று திடீரென்று உறைத்தது. திருட்டுத்தனமாகப் பல் செய்து என்ன ஆகப் போகிறது?

"இல்லீங்க மேடம், நல்லாத்தான் இருந்தேன். எதிர் பில்டிங்ல பல்லு செஞ்சிட்டிருந்தேன்."

அந்த அம்மாளின் பணிக்காலத்தில் தாத்தாக்களும் பாட்டிகளும் மாணவர் வசதிக்காக அடிக்கடி செத்துப்போனதுண்டு. பல் செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு நிதானமாக, எதை முதலில், எதைப் பிறகு என்று சொன்னார். இன்றைக்கே பழைய வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அங்கே உட்கார்ந்தபடிதான் புதிய படிப்புக்கு முறையான அனுமதி வாங்கி, அதை வைத்துப் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரும்வரை பழைய படிப்பில் ஒரு வகுப்பும் தவறக் கூடாது, எதிர்க் கட்டடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. விசா கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் பழையது கையில் இருக்கும். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன், அடுத்த தடவை மேலே எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். மேல்படிப்பிலிருந்து டிப்ளமோவுக்கு இறங்குகிறவர்களை விசா அலுவலகம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும் என்பதையும் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே முதல் முறையாக, இன்னும் முடியாத ஒரு காரியம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. போனில் கேட்டுக்கொண்டவர் அப்பா. பின்னணியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பல் டாக்டருக்கா படிக்கப் போற?"

"இல்லப்பா. பல் டாக்டருக்குப் பல்லு செஞ்சு குடுக்கிறவங்க."

"அப்ப டாக்டருங்க உன்கிட்ட வருவாங்க."

"ஆமா, வந்துதான் ஆகணும்."

மெஷின் நின்றது. டாக்டர்களே தேடி வருகிற மகள் என்கிற வாசகத்தை அவர் மனசுக்குள் ஒரு காப்பி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். டேட்டா படிப்பையே முடித்துவிட்டு வருவேன் என்றாள். குரல் உடையாமல் சொன்னாள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்த சில மாதங்கள்தான் அவள் யார் என்பதைக் காட்டின. வேண்டாத படிப்பை வேண்டாவெறுப்பாகப் படிக்க எல்லோராலும் முடியும். நம்மில் பாதிப் பேர் பட்டம் வாங்கியதே அப்படித்தான். இவள் விட்டுவிடப் போகிற படிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காகப் படித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் மெழுகு உருக்குகிற அடுப்புகள் எரிவது தெரியும் என்பதால், ஜன்னல் பக்கம் மட்டும் உட்காரவில்லை. தேர்வில் நல்ல மார்க் வேறு வந்து தொலைத்தது. பேராசிரியர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

அறைத்தோழி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லா படிக்கிறவ ஏன் விடுறான்னு கேப்பாங்களேடி! ஒரு பேப்பர்லயாவது ஃபெயில் ஆகித் தொலையேன்."

வேண்டுமென்றே ஃபெயில் ஆவது எப்படி என்று டேட்டாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பாடம் அவளுக்கு எங்கும் சொல்லித்தரப்படவில்லை.

நேர்காணலில் விசா அதிகாரி அதையேதான் கேட்டார். மார்க் பிரமாதம், படிப்பு உயர்வு. ஏணியில் ஏறத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள்? இங்கேயே நாட்களை ஓட்ட இது ஒரு வழியா? அவள் பதில் சொன்னாள். ஆனால் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லேபில் பார்த்த வேலையையும், படித்து முடித்தால் ஊரிலேயே லேப் வைக்க முடியும் என்பதையும் மேஜையின் விளிம்புக்கே விளக்கினாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நிஜத்தைச் சொல்றவங்க கண்ணைப் பார்த்துப் பேசுவாங்க. நீங்க ஏன் பார்க்க மாட்டேங்கிறீங்க?"

இவ்வளவு தூரம் வந்து இதிலா கவிழ்வது? வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னாள்.

"கண்ணைப் பார்த்தா அப்படியே பல்லுக்கு இறங்கிடும் சார். பல்லைப் பார்த்துட்டா அப்புறம் நீங்க கேக்கிறது எதுவும் என் காதுல விழாது."

அதிகாரி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். மீதிக் கேள்விகளையெல்லாம் வாய் திறந்தும் திறக்காமலும் கேட்டுவிட்டு அனுப்பிவைத்தார்.

"அவர் பல்லையா இழுத்தே? போச்சு, மூட்டையைக் கட்டு" என்றாள் அறைத்தோழி. டேட்டா மூட்டை கட்டவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும்.

விசா வந்தது. டிப்ளமோவுக்கு மட்டும், அது முடிகிற காலம் வரைக்கும். எதனால் கொடுத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. மார்க்கா, லேபா, மேஜை விளிம்பா, தெரியாது. திருட்டுத்தனமாக உட்கார்ந்த வாரங்கள் கணக்கில் சேராது, புதிய மாணவர்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அலுவலக அம்மாள். டேட்டா தலையாட்டினாள். பழைய படிப்பிலிருந்து விலகுவதற்கு அன்றுதான் கையெழுத்துப் போட்டாள். பேராசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார், தன் கடைவாயில் ஒரு பல் ஆடுவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

எதிர்க் கட்டடத்து வகுப்பில் முதல் நாள். போன தடவை அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, வருகைப் பதிவில் எல்லோர் பெயரையும் கூப்பிட்டு முடிப்பார்கள்; அவள் பெயர் வராது. அந்த நேரம் மட்டும் குனிந்து மெழுகைத் தேடுகிற மாதிரி நடிப்பாள். இன்றைக்குக் குனியவில்லை. வகுப்பாசிரியர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, ஒரு பெயரில் நின்றார், முன்னும் பின்னும் மென்று பார்த்தார், பாதியை விழுங்கி மீதியைத் துப்பினார். பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அது குதறப்பட்டிருந்தது.

"இருக்கேன் சார்" என்றாள், பக்கத்து வகுப்புக்கும் கேட்கிற மாதிரி.