கண் அட்டையை நான் மனப்பாடம் செய்தபோது

எங்கள் ஊர் காப்பார் முச்சந்தியில் அந்த வெளிநாட்டு எலக்ட்ரானிக் கம்பெனியின் ஆளேற்றும் பஸ் முதன்முதலாக வந்து நின்ற காலையில்தான் எனக்கு அது தோன்றியது: எஸ்டேட்டின் வறுமை இதில் ஏறிப் போய்விடும். அன்று நான் கல்லூரிக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவி. தோன்றியதை உடனே செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அப்போது தன் அம்மாவோடு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மைக்ரோஸ்கோப்புல பாத்து கம்பி ஒட்டுற வேலை, அக்கா. ஏர்கோன் போட்ட குளுகுளு ரூம்லா!"

"எனக்கு எட்ட இருக்கிறதெல்லாம் மங்கலாத்தான் தெரியுது. கண்ணு டெஸ்ட்டுல வெளிய தள்ளிடுவாங்கடி."

கண்ணாடி போட்டவர்களை அங்கே எடுப்பதில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். வேலை கேட்பவளைப் போல வரிசையில் அவருக்கு முன்னால் நின்றேன். சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி மூன்று வரிகளை மனப்பாடம் செய்து, வெளியே வந்ததும் அவர் காதில் ஓதினேன். தடுமாறாமல் ஒப்பித்துவிட்டார். வேலை கிடைத்தது.

கம்பெனி கொடுத்ததை நான் மறுக்க மாட்டேன். இரண்டே வருடத்தில் அந்தக் குடும்பம் லயத்து வரிசை வீட்டை விட்டுக் கம்பத்துக்கு, அதாவது வெளிக் கிராமத்துக்கு, குடிபோனது. அக்காவின் தம்பி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அம்மா பழம் பொறுக்குவதில்லை. பேச்சுப் போட்டியில் இதையெல்லாம் சொல்லித்தான் பரிசு வாங்கினேன். கண் அட்டையை மட்டும் சொல்லவில்லை.

இன்று கிள்ளான் பஸ் நிலையத்தில் அக்காவுக்கு எதிரிலேயே நின்றேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. குரல் கொடுத்த பிறகுதான் சிரித்தார். கண் சிவந்து நீர் வடிந்தது.

"ஷிஃப்ட் முடிஞ்சா தலை வெடிக்குதுடி. அடுத்த வாரம் மறுபடியும் கண்ணு டெஸ்ட். அட்டைய மாத்திட்டாங்களாம். நீதான் பெரிய கெட்டிக்காரியாச்சே, ஏதாவது பண்ணுலா."

"டாக்டர்கிட்ட போகலையாக்கா?"

"போனா கண்ணாடி போடச் சொல்வாரு. போட்டா வேலை போயிடும். அப்புறம் தம்பி படிக்கிறதா, பழம் பொறுக்குறதா?"

மங்கலாகத் தெரிகிறது என்று அன்றே வாய்விட்டுச் சொன்னார். என் காதில் விழுந்தது. என் யோசனைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நாளை அவருக்கு லீவு. டாக்டரிடம் கூட்டிப் போகப் போகிறேன். பிறகு, அக்கா சரி என்றால் மட்டும், சூப்பர்வைசர் முன்னால் நின்று ஏமாற்றச் சொன்னவள் நான்தான் என்று சொல்லி, கண்ணாடி போட்டாலும் வேலை பார்க்கக்கூடிய பேக்கிங் பகுதிக்கு அவரை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். ஒத்துக்கொள்வார்களா, தெரியாது.