செப்டம்பர் பதினேழுக்கு நான் எழுதிய ஒரு வரி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் நோட்டு, பேனா, மை விற்கிற பாய் ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்குத் தினசரி காலண்டர் கொடுப்பார். எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம், அடுத்த வருஷக் காலண்டருக்கு சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்கிற நேரத்தில், அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்த நேரம், அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

"எல்லாக் கடைக்காரனும் படத்தை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருக்கான் தம்பி. நம்ம காலண்டர்ல தாளுக்கு அடியில ஒரு வரி வரணும். அந்தத் தேதியில முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு. நீதான் பி.ஏ. ஹிஸ்டரி படிச்சிட்டு சும்மா கீறியே, எழுதிக் குடு."

சும்மா இருக்கிறவனிடம் சும்மா இருக்கிறாய் என்று சொன்னால் வருகிற ரோஷம் எனக்கும் வந்தது. ஒரே வாரத்தில் முந்நூற்று அறுபத்தைந்து வரி தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வரலாற்றில் ஒரு அநியாயம் இருக்கிறது. சில தேதிகளில் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு ஏதாவது செய்திருக்கிறார்கள். சில தேதிகளில் உலகமே தூங்கியிருக்கிறது. ஜூலை இருபதில் மனிதன் நிலாவில் கால் வைத்தான். மே இருபத்தொன்பதில் எவரெஸ்ட் உச்சியில் ஏறினான். டிசம்பர் பதினேழில் முதல் விமானம் பறந்தது. என் பழைய கல்லூரி நோட்டையும் நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகத்தையும் பிழிந்ததில் ஒரு இருநூறு நாள் தேறியது. மிச்ச நாட்களுக்கு நானே ஏற்பாடு செய்துகொண்டேன். "வெளிநாட்டில் கடும் பனி பெய்தது", "ஒரு பெரிய பாலம் திறக்கப்பட்டது" என்கிற ரகம். பனி எங்காவது பெய்திருக்காதா? பாலம் எங்காவது திறந்திருக்க மாட்டார்களா?

செப்டம்பர் பதினேழில் வந்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பெரிய தலைவர் ஒருவர் பிறந்த நாள். ஆனால் தலைவர்கள் பிறந்த நாளெல்லாம் தாளின் மேல் பக்கத்திலேயே சிவகாசிக்காரர்கள் போட்டுவிடுவார்கள். அடியில் வேறு வேண்டும். மணி பன்னிரண்டு. பசி. அதற்கு முந்தின மழைக்காலத்தில் நான் கல்வராயன் மலை பஸ்ஸில் போனபோது கரியாலூருக்குக் கீழே மரம் ஒன்று ரோட்டில் விழுந்து பஸ் நின்றது ஞாபகம் வந்தது. மலைக்காரர்கள் இரண்டு பேர் கோடாலியோடு வந்து ஒரு மணி நேரத்தில் வெட்டி நகர்த்திவிட்டார்கள். அதையே எழுதினேன். ஒரு மணி நேரம் என்று எழுதினால் வரலாறு மாதிரி இல்லை. ஆகவே கொஞ்சம் நீட்டினேன்.

"இன்று: முற்காலத்தில் சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து ஏழு நாள் போக்குவரத்து நின்றது."

எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். மறந்தும் போனேன்.

காலண்டர் வந்தது. ஊரெல்லாம் தொங்கியது. என் வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஜனங்கள் ராகு காலம் பார்த்தார்கள், எமகண்டம் பார்த்தார்கள், என்றைக்கு லீவு என்று பார்த்தார்கள். அதற்குக் கீழே கண் இறங்கவே இல்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். பாக்கி ஒன்றே ஒன்றுதான். போலீஸ் விசாரித்து, இவன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று எழுத வேண்டும். ஒரு சின்ன கேஸ் இருந்தாலும் வேலை போச்சு. மூன்று மாசமாக வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நடுத்தெருவில் யாராவது சண்டை போட்டால் வேடிக்கைகூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவேன்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று சாதிச் சங்கம் ஒன்று அறிவித்திருந்தது. சுவரெல்லாம் எழுதியிருந்தது. பதினேழாம் தேதி விடிந்தபோது சேலம் ரோட்டிலும் உளுந்தூர்ப்பேட்டை ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. பஸ் கிடையாது, லாரி கிடையாது. நான் வழக்கம்போலப் பல் விளக்கிக்கொண்டே காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன். அடுத்த தாளின் அடியில் என் கையால் எழுதிய வரலாறு என்னைப் பார்த்தது.

மரங்கள். சாலை. ஏழு நாள்.

பற்பசை தொண்டைக்குள் போய்விட்டது. இந்த வரி எழுதி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே இன்ன தேதி, இத்தனை நாள் என்று சரியாகச் சொல்லியிருக்கிறான் ஒருவன் என்றால் அவனைப் போலீஸ் என்னவென்று நினைக்கும்? ஜோசியக்காரன் என்றா?

பாய் கடைக்கு ஓடினேன். பாய் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"இது எப்போ நடந்துச்சு தம்பி?"

"நடக்கல பாய். நானா எழுதினது."

"அடப்பாவி. செப்டம்பர் பதினேழுன்னா ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்த நாளாச்சே. நாப்பத்தெட்டுல. எங்க அத்தா சொல்லுவாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

அவ்வளவு பெரிய வரலாறு அந்தத் தேதியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. பி.ஏ. படித்தவன் அதைத் தாண்டிப்போய் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

தடயத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சலூன், மாவு மில், டீக்கடை, சைக்கிள் கடை என்று பாயின் காலண்டர் தொங்குகிற கடைக்கெல்லாம் போனேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பதினேழாம் தேதித் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் போன இடமெல்லாம் ஊர் ஒரு நாள் முன்னே போய்விட்டது. மாவு மில்காரர் வெள்ளிக்கிழமை என்று நினைத்து மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். சலூன்காரர் மட்டும் பார்த்துவிட்டார்.

"ஏம்பா, இன்னைக்கு வியாழந்தானே? எதுக்கு என் நாளைக் கிழிக்கிற?"

"தாள் கோணலா இருந்துச்சுண்ணே."

"கோணலா இருந்தா நேராக்கு. கிழிப்பியா? உன் தலை கோணலா இருந்தா நான் இன்னா பண்றது?"

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாருடா. உன் பேரு, அப்பா பேரு, எத்தினி வருசமா இந்த வூட்ல கீறோம், உன் கூட்டாளிங்க யாரு யாருன்னு கேட்டு எழுதிக்கினு போனாரு. வந்தா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுன்னாரு."

இதைப் படிக்கிற உங்களுக்கு அவர் எதற்கு வந்தார் என்று புரிந்துவிட்டது. மூன்று மாசமாக இதற்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் புரியவில்லை. பயம் வந்தால் முதலில் ஓடிப்போவது மூளை. அதன் பின்னாடிதான் கால். கூட்டாளிகள் யார் என்று கேட்டாராமே! அப்படியென்றால் கூட்டுச் சதி. ஒரு லுங்கி, ஒரு சட்டை, பையில் பதினொரு செப்டம்பர் பதினேழுகள். சைக்கிளை எடுத்தேன். மெயின் ரோட்டை விட்டு வரப்பிலும் வண்டிப்பாதையிலும் மிதித்துக் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கிட்ட தெரிந்த பெட்டிக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலை ஏறினேன்.

கரியாலூர்ப் பக்கம் என்னோடு கல்லூரியில் படித்தவன் வாத்தியாராக இருந்தான். மலைக்காரன்தான். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சாமைச் சோறு போட்டான். சாப்பிட்டு நிமிர்ந்தால் சுவரில் பாயின் காலண்டர்! நான்தான் பொங்கலுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். ஆகஸ்ட் மூன்று.

"இன்னாடா இது, ஒண்ணரை மாசமா கிழிக்கலியா?"

"எனக்குத் தேதி ஸ்கூல் ரிஜிஸ்தர்ல இருக்குது. வூட்டுல யாருக்கு வேணும்?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் குற்றம் இன்னும் நடக்காத ஒரு வீடு. ஆகஸ்ட் மூன்றாம் தேதியில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பையில் இருந்த பதினொரு தாளையும் காலையில் அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்தேன். விறகு ஈரம். தாள் எரிந்தது, அடுப்பு பற்றவில்லை.

மூன்றாம் நாள் கீழேயிருந்து கடுக்காய் மூட்டைக்காரர் ஒருவர் நடந்தே ஏறி வந்தார். நான் ஓடினால் இந்த வாத்தியார் வீட்டுக்குத்தான் ஓடுவேன் என்று கணக்குப் போட்டுப் பாய் சொல்லி அனுப்பியிருந்தார். மூட்டைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பித்தார்.

"ஏட்டு ஒருத்தர் உன்னை மூணு வாட்டி தேடிக்கினு வந்துட்டாராம். உன் உத்தியோகத்துக்கு விசாரணையாம். நாளைக்குள்ள வரலைன்னா 'ஆள் தலைமறைவு'ன்னு எழுதி அனுப்பிடுவாராம். அந்த முட்டாப் பயகிட்ட இப்படியே சொல்லுன்னாரு பாய். முட்டாப் பய யாரு, நீதானே?"

"நான்தாங்க."

வாத்தியார் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் இருந்த ஆடு கத்தியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத கேஸுக்குப் பயந்து ஓடி, இருக்கிற வேலையை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதே இறங்கினேன்.

அணையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்த முறை மெயின் ரோட்டிலேயே வந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேலும் கீழுமாகப் பத்திருபது பேர்.

"நில்லு. எங்க போய்க்கினு இருக்கே?"

வாயில் பொய் வரவில்லை. தேவைப்படாத நேரத்தில் நூற்றறுபது பொய் எழுதியவன். "போலீஸ் ஸ்டேஷனுக்குங்க" என்றேன்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "எதுக்குடா?" என்று ஒருத்தர் சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடித்தார். பெரிய மீசை. நான் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன்: காலண்டர், மரம், ஏழு நாள், மலை, தலைமறைவு, வேலை.

மீசைக்காரர் ஹேண்டில் பாரை விட்டார்.

"கவர்மெண்ட் வேலையா?"

"ஆமாங்க."

"அதுக்குத்தானேய்யா நாங்க சோறு தண்ணி இல்லாம ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். கையில வந்த வேலையை விட்டுட்டு மலைக்கு ஓடினானாம். த, சைக்கிளைத் தூக்குங்கப்பா!"

நாலு பேர் சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். ஒருத்தர் என்னையும் தூக்கி வைத்தார். கிளம்பும்போது மீசைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விழுப்புரம் பக்கம் சுட்டுட்டாங்களாம், நம்ம ஆளுங்க செத்துட்டாங்க. ஸ்டேஷன்ல யார் பேருன்னு காதுல விழுந்தா வந்து சொல்லு" என்றார். அதற்கப்புறம் வழியில் இருந்த மரங்களை நானே ஏறித் தாண்டினேன். பயம் என்னவோ குறைந்திருந்தது. வெட்கம் ஜாஸ்தியாக இருந்தது.

ஸ்டேஷனில் எல்லாரும் ரோட்டுக்குப் போயிருந்தார்கள். ஏட்டய்யா மட்டும் இருந்தார். ஓய்வு பெறப்போகிற வயசு. முட்டி வலி, அதனால் ரோட்டுக்கு அனுப்பாமல் கிடப்பில் இருந்த விசாரணைகளை முடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் சுவரில் அதே காலண்டர்.

"மூணு நாளா எங்க போனே?"

"மலைக்குங்க ஐயா."

"எதுக்கு?"

"பயந்துக்கினு."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த தாள் ஒன்றை எடுத்து மேஜை மேல் விரித்தார். செப்டம்பர் பதினேழு. ஊரிலேயே ஒரே ஒரு ஆள் அடிவரியைப் படித்திருக்கிறார், அவரும் போலீஸ்.

"இது நீ எழுதினதுன்னு பாய் சொன்னாரு. ஏழு நாள்னு போட்டிருக்கே. எந்தப் புஸ்தகத்துல இருக்குது?"

கைது இப்போதுதான் என்று நினைத்தேன். அவர் தொடர்ந்தார்.

"என் பையனும் போலீஸ்தான். விழுப்புரம் பக்கம் ரோட்டுல நிக்க வெச்சிருக்காங்க. அங்க ரெண்டு பக்கமும் நல்லா இல்லைன்றாங்க. நாலு நாளா ஒரு தகவலும் இல்ல. ஏழோட முடிஞ்சிடுமா? அப்போ முடிஞ்சுதா?"

அவரிடம் பொய் சொல்லியிருக்கலாம். முடிஞ்சுது ஐயா, எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க என்று ஒரு வரி எழுதுகிற மாதிரிச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

"நானா எழுதினதுங்க. ஒரே ஒரு மரம். ஒரு மணி நேரம்தான் நின்னுச்சு. பசி வேளையில ஏழு நாளாக்கிட்டேன்."

ஏட்டய்யா அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தொப்பை மட்டும் குலுங்கியது.

"அதுக்கா மலை ஏறினே? சலூன்காரன் வேற, ஒருத்தன் நாளைக் கிழிச்சிட்டுப் போறான்னு வந்து சொல்லிட்டுப் போனான்." தாளை மறுபடியும் மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் இந்தத் தேதிக்கு நீ ஒண்ணும் எழுதாதே. இனிமே அதை எழுத ஆளுங்க இருப்பாங்க, ரெண்டு பக்கமும்."

மீசைக்காரர் கேட்டதை நான் கேட்டேன். பேர் எதுவும் இன்னும் வரவில்லை என்றார். ஏட்டய்யாவின் பையன் ஒரு வாரம் கழித்து நல்லபடியாக வந்தான், பாய் சொன்னார். மறியலில் இருந்தவர்கள் தேடிய பேர்களில் எத்தனை திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் பாய் அந்த அடிவரியையே எடுத்துவிட்டார்.

அன்றைக்கு ஏட்டய்யா கண்ணாடி போட்டுக்கொண்டு என் விசாரணைத் தாளை எடுத்தார். எழுதி முடித்ததை எனக்குக் காட்டக் கூடாது என்பது விதி. நான் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் படித்தேன்.

"குற்ற வழக்கு ஏதுமில்லை. நேரில் விசாரித்ததில் மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர். அரசுப் பணிக்கு முற்றிலும் ஏற்றவர்."