ஒற்றைக் கட்டையில் வந்த விளம்பரம்

1. வேலுச்சாமி கொண்டுவந்த வீடியோ

மீனாட்சிபுரத்தில் மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் நான் பதினெட்டு வருடமாகக் கீபோர்டு புரோகிராமிங் செய்கிறேன். கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, கோயில் பாட்டு, கடை விளம்பரம் எல்லாம் வரும். எல்லை ஊர் என்பதால் பாதி தமிழில் இருக்கும், பாதி மலையாளத்தில் இருக்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் சிந்தசைசரில் பிரீசெட் நன்றாக இருக்கிறது என்றுதான். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி வந்தது ஒரு தகராறினால். ஆகவே தகராறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, முதலமடை மாங்காய் மண்டிக்காரர் வேலுச்சாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் மண்டிக்கு நான்தான் முப்பது செகண்ட் விளம்பரம் செய்து கொடுத்திருந்தேன். அறிவிப்பு ஜீப்பிலும் வாட்ஸ்அப்பிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இதைக் கொஞ்சம் கேளுங்க," என்று போனை என் முன்னால் நீட்டினார்.

வீடியோவில் ஒரு ஜீப் நின்றிருந்தது. மேலே கோன் ஸ்பீக்கர். ஏலக்காய்க் கடை ஒன்றின் விளம்பரம். முதல் எட்டு செகண்டில் வந்த இசை அச்சு அசலாக வேலுச்சாமியின் மண்டி விளம்பரத்தில் வந்த இசை. கண்ணாடி மணிகள் படியேறி இறங்குவதுபோல அதே வரி. சுருதி மட்டும் கொஞ்சம் மேலே இருந்தது.

"கம்பத்துக்குத் திராட்சை பாக்கப் போயிட்டுக் கம்பம்மெட்டு ஏறினனுங்க. ஜங்ஷன்ல என் பாட்டு ஓடுது. என் பாட்டுக்கு ஏலக்காய் விக்கறானுங்க. நீங்க இதை அவனுக்கும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அவன் திருடியிருக்கான். போன மாசந்தான் செஞ்சானாமுங்க. அதைச் செஞ்சவன் யாருன்னு விசாரிச்சு நம்பர் வாங்கி வெச்சிருக்கறன். போலீஸ் ஸ்டேஷன்ல பராதி குடுக்கப் போறனுங்க."

எங்கள் ஸ்டுடியோ முதலாளி தண்டபாணி அண்ணன் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது.

2. எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்

சாஃப்ட்வேர் சிந்தசைசர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியம். செய்கிற கம்பெனியே பல சத்தங்களைத் தயார்செய்து உள்ளே வைத்து அனுப்பும். அவற்றுக்கு ஃபேக்டரி பிரீசெட் என்று பெயர். சிலவற்றில் சத்தம் மட்டும் இருக்காது. கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தால் போதும், ஆர்ப்பெஜியேட்டர் என்ற பகுதி அதையே ஏற்றி இறக்கி ஒரு முழு வரியாக வாசித்துவிடும்.

வேலுச்சாமியின் விளம்பரத் தொடக்கம் அப்படி வந்ததுதான். இடது கை சுட்டுவிரலால் ஒரு கட்டையை எட்டு செகண்ட் பிடித்திருந்தேன். அவ்வளவுதான் என் வேலை. மென்பொருளை வாங்கிய யாரும் அந்தச் சத்தத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் தப்பில்லை. ஆனால் விளம்பரத்தைக் கேட்டு மகிழ்ந்துபோய் அவர், "இது புதுசுங்களா? வேற எங்கயும் இருக்காதல்லங்க?" என்று கேட்டபோது, "நாலு நாள் உக்காந்து உங்களுக்குன்னே போட்டதுங்க," என்று சொல்லியிருந்தேன்.

நாலு நாள் என்பது உண்மை. போட்டது என்பது பொய்.

வேலுச்சாமி போனதும் தண்டபாணி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் மிக்சர் போர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஃபைல்ல தேதி முன்னாடியா, அவனுது முன்னாடியா?"

"நம்முளுதுதான் ஒரு மாசம் முன்னாடிங்கண்ணா."

"அப்ப அந்தத் தேதியக் காட்டு. அதுக்கு மேல வாயத் தொறக்காத அம்மிணி. நாம பொய் சொல்லலையே. தேதி தேதிதான."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு அது சரியாகவே பட்டது.

3. கம்பம்மெட்டிலிருந்து வந்தவர்

வேலுச்சாமி போன் போட்டு மிரட்டியதில், மூன்றாம் நாள் மதியம், ஏலக்காய்க் கடை விளம்பரத்தைச் செய்தவர் நேரில் வந்தார். பெயர் முருகையா. நாற்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டக் குடும்பம். பல வருடம் டீ ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர். ஃபேக்டரி மூடியபிறகு வீட்டிலேயே ஒரு அறையில் லேப்டாப் வைத்து, கடைகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் இசை செய்துகொண்டிருந்தார். விடியற்காலையில் கிளம்பி பஸ் மாறி மாறி வந்திருந்தார். லேப்டாப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

வேலுச்சாமியும் வந்திருந்தார். தண்டபாணி அண்ணன் சொன்னபடி நான் ஃபைலைத் திறந்து தேதியைக் காட்டினேன்.

"பாத்துக்குங்க. ஒரு மாசம் முன்னாடி," என்றார் வேலுச்சாமி. "இதுக்கு என்ன சொல்லறீங்க தம்பி?"

முருகையா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு வேலுச்சாமியிடம் சொன்னார். "ஐயா, நான் களவாங்கலய்யா. அது பிரீசெட்டு. ஒத்தக் கட்டைய அமுக்குனா அதுவா வரும். நான் சொல்லுதத எங்க கடைக்காரர் நம்ப மாட்டேங்காரு. போலீசு கேசு வந்தா உன்கிட்ட வேலை எதுவும் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அவர வச்சுத்தான் மத்த கடைக்காரங்களும் வாராங்க. நீங்களாவது நம்பணும்."

"ஒரு கட்டைய அமுக்குனா முழுப் பாட்டு வருமா? யாருகிட்ட?" என்றார் வேலுச்சாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, அப்படி வருமுங்களா?"

தண்டபாணி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். 'எல்லா மென்பொருளிலும் வராது' என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. ஆனால் முருகையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே இது மறைக்க முடியாத விஷயம்.

நான் எழுந்து நாற்காலியைக் கீபோர்டு முன்னால் தள்ளினேன். மென்பொருளைத் திறந்து பிரீசெட்டை எடுத்தேன்.

"இங்க வந்து உக்காருங்க. இந்தக் கட்டைய நீங்களே அமுக்கிப் பிடிங்க."

வேலுச்சாமி சந்தேகத்தோடு உட்கார்ந்தார். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்திருந்த ஆள்காட்டி விரலைக் கட்டையில் வைத்து அமுக்கினார். அவருடைய விளம்பரம் வந்தது. விரலை எடுத்தார், நின்றது. இரண்டு கட்டை தள்ளி மேலே அமுக்கினார். ஏலக்காய்க் கடை விளம்பரம் வந்தது.

 அவர் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"அப்ப நாலு நாளா என்ன பண்ணுனீங்க?"

"மூணு நாள் இதைத் தேடிட்டு இருந்தனுங்க. ஒரு நாள் மத்ததெல்லாம் செஞ்சேன்."

அவர் எழுந்து முருகையாவின் தோளைத் தொட்டார். "உங்க மேல தப்பில்லைங்க தம்பி. பராதி கிராதி ஒண்ணும் இல்லை. உங்க கடைக்காரர் நம்பர் குடுங்க, நானே சொல்லீர்றேன்." சொன்னபடியே எங்கள் முன்னாலேயே போன் போட்டுப் பேசினார். பிறகு என்னிடம், "தப்பு உங்க மேலதானுங்க அம்மிணி," என்றார். அன்றைக்கே ஜீப்பில் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். தண்டபாணி அண்ணன் ஒரு வாரம் என்னிடம் வேலை தவிர வேறு எதுவும் பேசவில்லை.

முருகையாவை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்ததால் பஸ் தாமதம். எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிட்டோம்.

"நீங்க எப்படி அதையே எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்டுல மூணாவதா இருந்துச்சுக்கா. அதுக்குக் கீழ நான் போகவே இல்ல."

நான் மூன்று நாள் தேடிக் கடைசியில் போய் நின்ற இடமும் அதே மூன்றாவதுதான். அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் பஸ் போனபிறகு அந்தக் கணக்கு என்னை விடவில்லை. மூன்று நாளும் நான் என்னத்தைக் கேட்டேன்?

4. கேட்ட விதம்

விளம்பர வேலை குறைந்த அந்த மாதத்தில், ஸ்டுடியோவில் இருந்த மூன்று சிந்தசைசர்களையும் முதலிலிருந்து கேட்டேன். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். நாங்கள் அவற்றைப் பழையது, பெரியது, இலவசம் என்றுதான் கூப்பிடுவோம்.

முதலில் மூன்றின் வால்யூமையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இதை நான் அதுவரை செய்ததில்லை. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. பெரியதில் இருந்த பிரீசெட் எல்லாம் மற்ற இரண்டையும்விட உரக்க வைக்கப்பட்டிருந்தன. அளவைச் சமப்படுத்தியதும் அதன் பெருமையில் பாதி போய்விட்டது.

அடுத்து ரிவெர்ப், டிலே என்ற எதிரொலி எஃபெக்ட்டுகளை அணைத்தேன். பெரியதில் எதைத் திறந்தாலும் படத்தின் கடைசிக் காட்சி மாதிரி ஒரு பிரமாண்டம் இருக்கும். எஃபெக்ட்டை எடுத்ததும் அடியில் மெலிசாக ஒரு விசில் சத்தம் மட்டும் மிஞ்சியது. எல்லாம் அப்படியல்ல, பத்தில் இரண்டு உறுதியாக நின்றன. பழையதில் பிரீசெட் குறைவு, கேட்டவுடன் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆனால் எஃபெக்ட் இல்லாமலும் அதன் பேஸ் என்னும் கனத்த அடிச் சத்தம் அப்படியே இருந்தது. பாடகர் குரலுக்கு அடியில் வைத்தால் குரலை மிதிக்கவில்லை.

விரலுக்கு எது பதில் சொல்கிறது என்றும் பார்த்தேன். மெதுவாகத் தொட்டாலும் அழுத்தி அடித்தாலும் ஒரே மாதிரி கேட்டால் அந்தப் பிரீசெட்டைச் செய்தவர் அவசரத்தில் செய்திருக்கிறார். இலவசத்தில் தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. பல பேர் செய்து சேர்த்தது என்பது கேட்டாலே தெரியும். ஆனால் அதில்தான் தொடுகைக்கு மிக நன்றாக அசைந்துகொடுத்த சில சத்தங்கள் கிடைத்தன. சத்தத்தை அசைப்பதற்கென்று கீபோர்டில் இருக்கும் மாட் வீலைத் திருப்பினால் ஒன்றுமே ஆகாத பிரீசெட்டுகளும் அதில்தான் அதிகம்.

கடைசிப் பரிசோதனைக்கு, தெரிந்த ஜீப் டிரைவரிடம் கேட்டு கோன் ஸ்பீக்கர் ஒன்றை மொட்டைமாடியில் கட்டினேன். நம் வேலை அதில்தான் ஊருக்குப் போகிறது. ஹெட்ஃபோனில் அகலமாக, இரண்டு காதையும் சுற்றி வந்த, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் 'பேட்' சத்தங்கள் கோனில் பாதி காணாமல் போயின. ஒற்றைக் கோனுக்காக இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. பெரியதுதான் இதில் மோசம். அதை வைத்து நான் செய்த எத்தனை விளம்பரம் இப்படிப் பாதி இசையோடு ஊரைச் சுற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கீழே தீவனக்கடைக்காரர் வெளியே வந்து, "என்னுங்க, எலெக்ஷன் வந்துருச்சா?" என்று கேட்டார்.

முடிவாக, பேஸுக்கும் சாதாரண வேலைக்கும் பழையது. தனியாக ஒலிக்கும் மெட்டுக்கு இலவசத்தில் பொறுக்கி எடுத்தவை. பெரியது விலைக்குத் தக்கதில்லை என்று சொல்ல மாட்டேன். அதைத் திறந்து உடனே கவர்கிற முதல் இருபதைத் தாண்டிப் போனால் நல்ல சரக்கு உள்ளே இருக்கிறது. முதலில் வைக்கப்பட்டிருப்பவை மென்பொருளை விற்க வைக்கப்பட்டவை. நானும் முருகையாவும் வாங்குகிறவர் காதால்தான் கேட்டிருக்கிறோம், வேலை செய்கிறவர் காதால் கேட்கவில்லை. குறிப்புகளை அவருக்கும் அனுப்பினேன். ஐந்தாறு நாளில் அவர் கேட்டுச் சேர்த்த பட்டியல் ஒன்று பதிலாக வந்தது. என்னுடையதைவிட அது ஒழுங்காக இருந்தது. மெஷின் பார்த்த கை.

5. அடுத்த சீசன்

மாமரங்கள் மறுபடி பூத்தபோது வேலுச்சாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். இந்த முறை செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"கொழிஞ்சாம்பாறைலயும் பொள்ளாச்சிலயும் நாலு பேருகிட்டக் கேட்டுப் பாத்தனுங்க. எல்லாரும் புதுசு, புதுசுன்னே சொல்லறாங்க. எது புதுசு இல்லைன்னு காட்டுனது நீங்க ஒருத்தர்தான். அதுனால இங்கயே வந்துட்டேன்."

இப்போது வாடிக்கையாளரிடம் வேலையைக் கொடுக்கும்போது ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்கிறேன். எந்தச் சத்தம் எந்த மென்பொருளின் பிரீசெட், அதில் நான் மாற்றியது என்ன, நான் வாசித்தது எது என்று அதில் எழுதியிருக்கும். பிரீசெட்டைப் பயன்படுத்துவது குறைச்சல் இல்லை. கடையில் வாங்கிய அரிசியில்தான் எல்லோரும் சோறு வடிக்கிறோம். அரிசியை நான் விளைவித்தேன் என்று சொன்னதுதான் என் தப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

புது விளம்பரத்தோடு கொடுத்த தாளை வேலுச்சாமி இரண்டு தடவை படித்தார்.

"இதுல உங்களுது கம்மியாத்தான இருக்குது?"

"ஆமாங்க. மெட்டும், கடைசில வர்ற மண்டி பேரும் மட்டுந்தானுங்க."

"அது போதுமுங்க. ஆனா அந்த மெட்டு வேற எவன் ஜீப்புலயும் ஓடக் கூடாது."

இன்றுவரை ஓடியதாகத் தகவல் இல்லை.