முகத்துவாரத்தில் ஒரு சோதனை ஓட்டம்

மாமல்லபுரம் தாண்டி அணுபுரம் போகும் வழியில், ஒரு முகத்துவாரத்தருகே கூட்டத்தைப் பார்த்து இறங்குகிறேன். மணல் சேர்ந்து வாய் அடைத்துவிட்டதால் கடலிலிருந்து மடவை மீன்கள் உள்ளே வர வழியில்லை. மீனவர்களும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். கடைசித் துண்டு மணலை வெட்ட வேண்டிய தலைமை விருந்தினர் சிறுசேரி நெரிசலில் இருக்கிறார். சிவப்பு ரிப்பன் குறுக்கே காத்திருக்கிறது.

"அலை ஏறிக்கினு கீது சார். இப்ப வெட்டலன்னா கடலு மணலத் தள்ளி மறுபடி மூடிடும்," என்கிறார் மண்வெட்டியோடு நிற்கும் செல்வி. "விழாவுக்கு முன்னாடி தொறக்கக் கூடாதுன்றாங்க."

"திறக்கக் கூடாதுதாம்மா. சோதனை ஓட்டம் விடலாமே. நாங்க கட்டின பாலத்துல எல்லாம் விழாவுக்கு முன்னாடி அப்படித்தான் பஸ் விட்டோம்," என்கிறேன், பாலப் பொறியாளனாக இருந்த நான்.

"அதுக்கு யாரு கையெழுத்து?"

"சோதனைக்குக் கையெழுத்து கிடையாது."

செல்வி ரிப்பனுக்கு அடியில் குனிந்து வெட்டுகிறார். தேங்கிய நீர் கடலுக்குப் பாய்ந்து வாயை அகலமாக்குகிறது. சற்று நேரத்தில் மடவைகள் அந்த நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏறுகின்றன.

விருந்தினர் வந்து, இடுப்பளவு நீரில் கத்தரிக்கோலுடன் நின்று கேட்கிறார்: "எப்போ திறந்தீங்க?"

செல்வி முகம் மாறாமல் சொல்கிறார்: "இன்னும் தொறக்கல சார். நீங்கதான் தொறக்கணும்."