பன்னிரண்டு கூண்டுக்குப் பொங்கல்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ் பிடித்து, சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வருகிறார் பொன்னி. எலிகளுக்குத் தீனி போடுவதுதான் வேலை. வீட்டில் எலிப்பொறி வைத்துவிட்டு இங்கே வந்து எலிக்குப் பரிமாறுகிறாயா என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்பது வருடமாகத் தினக்கூலி. வரும் ஏப்ரலில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நடப்பது முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சி. ஆய்வாளர் மாலதி இருபத்துநான்கு எலிகளை இரண்டாகப் பிரித்திருந்தார். பன்னிரண்டுக்கு வயிறாரத் தீனி, பன்னிரண்டுக்கு முக்கால் வயிறு. இரண்டு வயது தாண்டியதும் வயிறாரத் தின்றவை முடி கொட்டி மூலையில் சுருண்டன. குறைவாகத் தின்றவை கம்பியில் ஏறி விளையாடின. பொன்னியே கண்ணால் பார்த்ததுதான். ஆனாலும் அவை மூக்கை நீட்டித் தீனி தேடும்போது அவருக்கு மனசு கேட்காது.

மாட்டுப் பொங்கலன்று பொன்னிக்கு டூட்டி. வீட்டுப் பசுவுக்கு ஊட்டிய கையோடு சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்து வந்தார். ஊரில் வாயில்லா ஜீவனெல்லாம் பொங்கல் தின்னும் நாளில் இதுகள் மட்டும் பசியோடு கிடப்பதா? முக்கால் வயிற்றுக் கூண்டு பன்னிரண்டிலும் போட்டுவிட்டார்.

மறுநாள் எடை பார்த்த மாலதிக்குக் கோபம் தலைக்கேறியது. பன்னிரண்டும் எடை கூடியிருந்தன. ராத்திரி தனியாக இருந்த காவலாளி அன்பரசுதான் தீனியை அள்ளிப் போட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்.

“நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்.”

அன்பரசு திருதிருவென்று விழித்தார். பொன்னி பொங்கல் போட்டதை யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் ஏப்ரல் பத்திரம்.

“அவரு இல்லீங்க மேடம். நாந்தான் பொங்கல் போட்டேன்.”

மாலதி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வருஷ வேலைக்கா இது! எவ்ளோ தின்னுச்சுன்னே தெரியாம நான் என்னத்த எழுதறது?”

“கூண்டுக்கு அஞ்சு கிராம். தராசுல வச்சுத்தான் போட்டேன். எடை பாக்காம எப்புடி மேடம் போடுவேன்?”

மாலதி நிமிர்ந்தார். “சரி, ஏன் இந்தப் பன்னெண்டுக்கு மட்டும்?”

“மத்ததுக்குத்தான் தெனமும் பொங்கலாச்சே.”

மாலதி அன்பரசுவிடம் மன்னிப்புக் கேட்டார். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே ‘சர்க்கரைப் பொங்கல், ஐந்து கிராம்’ என்று எழுதிப் பொன்னியிடம் கையெழுத்து வாங்கினார். ஆராய்ச்சி தப்பியது.

ஏப்ரலில் வந்த பட்டியலில் பொன்னியின் பெயர் இல்லை. பொங்கல் போட்டதற்காக நிரந்தரத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் அழுதார். மறுநாள் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்பிக்கு வெளியே நீண்ட மூக்குகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, முக்கால் வயிற்றுக்கு எவ்வளவோ அவ்வளவு தீனியை மட்டும் எடை போட்டார்.