ராஜாமணி எடுத்துக் கொடுக்காத வசனம்

விழுப்புரத்து ராஜாமணிக்குப் பத்து வருஷமாக ஒரே வேலை, கதாநாயகி. சுற்றுப்பட்டு ஊர்களில் திருவிழா வந்தால் இளவட்டங்கள் நாடகம் போடுவார்கள். ஆண் வேஷமெல்லாம் ஊர்ப் பையன்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் டவுனிலிருந்து நடிகையை அழைப்பார்கள். ராஜாமணி அன்று சாயங்காலம்தான் பஸ்ஸில் போய் இறங்குவாள். வசனத்தை மனப்பாடம் பண்ணுகிற வழக்கமே கிடையாது. படுதா மறைவிலிருந்து வாத்தியார் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, அதைக் காதில் வாங்கிக் கண்ணீரோடு வெளியே விடுவாள். எல்லா நடிகைகளுக்கும் அதுதான் பிழைப்பு.

எண்பத்து மூன்றில், கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஓர் ஊரில், அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. நாடக வாத்தியார் பாண்டுரங்கன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, இந்தத் தடவை ராஜாமணி அம்மா வேஷம் கட்டட்டும், திண்டிவனத்திலிருந்து வந்திருக்கிற ஜெயம் நாயகியாக இருக்கட்டும் என்றார். ஜெயத்துக்கு இருபது வயதுகூட இருக்காது. பவுடரே தேவைப்படாத கழுத்து. பார்த்ததும் ராஜாமணிக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு அந்தப் பெண், "அக்கா, உங்க நாடகம் ஒண்ணு விடாம பாத்துக்கினு இருந்தவ நான்" என்றாள். பெரிய மரியாதைதான்!

அம்மாவுக்கு மூன்றாம் காட்சியிலேயே சாவு. செத்து முடித்து ராஜாமணி உள்ளே வந்தபோது, கத்திக் கத்திப் பாண்டுரங்கனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மீதியை நீ எடுத்துக் கொடு என்று நாடகப் புத்தகத்தை அவள் கையில் திணித்தார்.

எடுத்துக் கொடுத்தாள், ஒழுங்காகத்தான், கடைசிக் காட்சி வரைக்கும். அண்ணன் துரத்த, தங்கையான நாயகி வாசலில் திரும்பி நின்று, "இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். எந்த ஊர் நாடகமானாலும் இப்படி ஓர் இடம் இருக்கும். ராஜாமணி கைதட்டல் வாங்குகிற இடம். அவள் வாயை மூடிக்கொண்டாள். தவிக்கட்டும், ஊரே கூடிச் சிரிக்கட்டும் என்று மனசார நினைத்தாள்.

ஜெயம் வலது பக்கம் திரும்பிப் படுதா மறைவைப் பார்த்தாள். ராஜாமணியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் அண்ணனையே பார்த்தபடி நின்றாள். பிறகு குனிந்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த கூட்டம் கையை நிறுத்தியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ராஜாமணிக்காக யாரும் அப்படி அழுததில்லை.

உள்ளே வந்து ஜெயம் சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "நல்லதா போச்சுக்கா, அந்த எடத்துல பேச்சே வேணாம் போல" என்றாள். அதற்கப்புறம் போகிற ஊரிலெல்லாம் அவள் அப்படியே செய்தாள். ராஜாமணி அம்மாவாகவே செத்துச் செத்து, கடைசியில் அம்மா வேஷத்துக்கும் கூப்பிட ஆளில்லாமல் போனாள்.

எண்பத்தெட்டில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் டிவி வாங்கினாள். நாடகம் போடுகிற நாளில் தெருவே அங்கேதான் இருக்கும். டிவி நாடகத்துக்குப் போய்விட்டிருந்த ஜெயம்தான் நாயகி, தெருவில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அந்தக் கழுத்து இன்னும் அப்படியே இருந்தது. ராஜாமணியின் வயிறும் பழையபடியே எரிந்தது. ஆனாலும் ஒரு வாரம்கூட விடாமல் வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நாடகத்தில் புருஷன் அவளை வெளியே போகச் சொன்னான். ஜெயம் வாசல்வரை போய் நின்று, வலது பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப என்னமோ சொல்லப் போவுது பாரு" என்றாள் கெங்கம்மாள்.

"சொல்ல மாட்டா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

ராஜாமணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாந்தான் எடுத்துக் குடுக்கலியே."