நிறைகுடத்தோடு ஒரு கார்ப் பந்தயம்

அந்தப் பந்தயத்தில் வேகமாக ஓடினால் மட்டும் போதாது. பின் இருக்கையில் வைத்த குடத்துத் தண்ணீர் சிந்தவும் கூடாது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வாழ்க்கையை முடிவுசெய்த பந்தயம் அது.

யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவதில்லை. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஊசிமருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை விட்டு ஸ்ராட் செய்ய வேண்டும். சூடானபின் மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்தி வைத்து எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளி வேண்டும். இதை அந்த நாளில் எங்கள் ஊர்க் கோழிகளும் அறிந்திருந்தன.

எங்களுடையது தென்மராட்சியில் ஒரு உட்கிராமம். ஆசுபத்திரிக்கு ஒன்பது மைல். நோயாளரைக் கொண்டுபோக ஒரு காரை நிரந்தரமாக வைத்திருப்பது என்று சனசமூக நிலையம் முடிவெடுத்தது. தெரிவாகும் காருக்குக் கிழமைதோறும் மண்ணெண்ணெய் கிடைக்கும். மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் என் கணவர். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பன்னிரண்டு வருடமாக வாடகைக்கு ஓடியவர். சும்மா நின்ற காரைத் துடைத்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்.

"இந்த வேலை கிடைச்சா நிக்கிறன். இல்லாட்டிக் காரை வித்துப்போட்டு வெளியிலை போறன்."

வெளியில் என்றால் வெளிநாடு. நான் நிற்கவேண்டும் என்றேன். "அப்ப பாப்பம்" என்றார்.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பந்தயம் அவருடைய யோசனை.

"வயித்துப்பிள்ளைக்காரியை ஏத்துற கார். கிறவல் றோட்டிலை குலுக்கினா அவள் வழியிலையே பெத்துப்போடுவாள். ஓட்டிக் காட்டுங்கோ, பாப்பம்."

வாய்வரை நிரப்பிய குடம் ஒன்று ஒவ்வொரு காரிலும். வயல் றோட்டால் குளத்தடிவரை நாலு மைல் போய்த் திரும்ப வேண்டும். நேரமும் பார்ப்பார்கள், தண்ணீரும் பார்ப்பார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் வைத்திருந்தவர் எல்லாரிலும் மூத்தவர். அவர் சொன்னார்:

"நிறைகுடம் எண்டா மாவிலையும் தேங்காயும் வைக்கிறதுதானே முறை."

"தேங்காய் வைச்சா மூடி போட்ட மாதிரி" என்றார் தபாலதிபர். "உம்மடை சைவப்பற்று எனக்கு விளங்குது. தேங்காயைக் கொண்டுபோய்ச் சம்பலுக்குத் துருவும்."

ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் கொடுத்தார்கள். ஒஸ்ரின்காரருக்கு முழுப் போத்தலும் போனது. பீஜோ ஓட்டியவன் முன்பு லொறி ஓட்டிய இளந்தாரி. அவனும் முழுவதையும் ஊற்றி எஞ்சினைக் கத்த வைத்தான். என் கணவர் அரைவாசிகூட ஊற்றவில்லை. மொறிஸ் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. மிச்சத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நிமிட இடைவெளியில் மூன்றும் புறப்பட்டன. நானும் ஒஸ்ரின்காரரின் மனைவியும் சைக்கிளில் வரம்புப் பாதையால் குறுக்கே போனோம். அறுவடை முடிந்த வயல். பின்னேர வெயில். வயலுக்கு அப்பால் புழுதி எழுந்து போய்க்கொண்டிருந்தது. கார்கள் தெரியவில்லை. சிவந்த மேகம் ஒன்று நிலத்தில் இறங்கித் தானாக நகர்வது போல இருந்தது. இடைக்கிடை ஒரு கூரை, ஒரு கண்ணாடி மின்னி மறையும். அதற்குள் நான் கட்டிய மனிதன் இருக்கிறான் என்பதை நம்ப முடியவில்லை.

"முன்னாலை போறது பீஜோ" என்றாள் அவள். "தெறிச்சுப் பாயுறான். குடத்திலை தண்ணி இராது, புழுதிதான் இருக்கும்."

"உங்கடை மனிசன் எங்கை அக்கா? தேர் இழுக்கிற மாதிரி வாறார்."

"தேர் ஆறுதலாத்தான் வரும். உன்ரை ஆமைக்கோது வருதோ எண்டு பார்."

வரம்பு றோட்டை நெருங்கிய இடத்தில் கார்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆமைக்கோது வந்தது. மற்ற இரண்டும் எப்படிப் போகின்றன என்று பார்த்ததால்தான் என் கணவரின் ஓட்டம் எனக்குப் பிடிபட்டது. பீஜோ குழியைக் கண்டு ஒதுங்காது, மேலால் பறக்கும். ஒஸ்ரின் குழிக்கு முன்னே நின்று யோசித்து இறங்கும். அவரோ குழிக்கு வெகு முன்னரே சில்லை மெல்லத் திருப்பி, றோட்டின் ஓரத்து மெத்தென்ற மணலில் ஏற்றிவிடுவார். குழி அங்கே இருந்ததே தெரியாது. மணலில் அந்தக் கார் சத்தமில்லாமல் மிதந்தது. நான் சைக்கிளை நிறுத்தி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

குளத்தடி மருதமரத்தின் கீழ், முன்னரே சைக்கிளில் வந்துவிட்ட தபாலதிபர் மணிக்கூட்டோடும் அடிமட்டத்தோடும் நின்றார். பீஜோ முதலாவது, குடம் அரைக்குடம். ஒஸ்ரின் கடைசி, குடத்தில் இரண்டு விரல்தான் குறைவு. மொறிஸ் பீஜோவுக்கு மூன்று நிமிடம் பின்னால், தண்ணீர் மூன்று விரல் குறைவு.

"இப்ப பாத்தா மொறிஸ்தான்" என்றார் தபாலதிபர்.

அப்போது ஹெலியின் சத்தம் கேட்டது. வெளியில் ஓடும் வாகனத்தைக் கண்டால் சுடும் ஆமி ஹெலிகொப்ரர். மூன்று கார்களையும் மரத்தின் கீழ் நெருக்கிவிட்டு மூன்று பேரும் எஞ்சினை நிறுத்தினார்கள். யாரும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் மிச்சம் பிடித்துப் பழகிய கை, நின்றால் தானாகச் சாவியைத் திருப்பும்.

முக்கால் மணித்தியாலம் அங்கே இருந்தோம். சத்தம் தூரத்தில் போகும், திரும்ப வரும், காதுக்குள்தான் கேட்கிறதோ என்று சந்தேகமாகும். புழுதி மெதுவாக இறங்கி எங்கள் தலைமயிரிலும் கார்களின் மூக்குகளிலும் படிந்தது. எல்லாரும் ஒரே நிறமானோம். குளத்தில் தண்ணீர் குறைவு. தும்பிகள் அதன்மேல் நின்ற இடத்திலேயே நின்றன. மொறிஸின் பின்கண்ணாடியால் பார்த்தேன். குடத்துத் தண்ணீரில் மருத இலைகள் ஆடின.  என் கணவர் காரின் மட்காட்டில் சாய்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தயம் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன்.

சத்தம் ஒரேயடியாக நின்றதும் தபாலதிபர் எழும்பினார். "வெளிக்கிடுங்கோ. இதிலையிருந்து நேரம் பாக்கிறன்."

எஞ்சின்கள் ஆறிப்போயிருந்தன. பீஜோக்காரன் வெறும் போத்தலை ஆட்டிக் காட்டினான்.

"அண்ணை, ஒரு சொட்டு."

எங்கள் பக்கத்தில் ஸ்ராட் செய்யப் பெற்றோல் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. அது எனக்கும் தெரியும். பந்தயத்திலும் அந்த வழக்கம் வேணுமா என்று கத்த வாயெடுத்தேன். என் கணவர் அதற்கு முன்னரே சட்டைப் பைப் போத்தலைக் கொடுத்துவிட்டார். பீஜோ பிடித்தது. பிறகு ஒஸ்ரினுக்கு அவரே போய்த் துளித்துளியாக விட்டார். நாலாம் தரம்தான் அது பிடித்தது. மொறிஸுக்கு வந்தபோது போத்தலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். மொறிஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. குடத்துத் தண்ணீர் இருக்கையெல்லாம் கொட்டியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

"கயிறு கட்டி இழுக்கட்டே தம்பி?" என்றார் ஒஸ்ரின்காரர்.

"நீங்கள் போங்கோ அண்ணை. நேரம் போகுது."

அவர்கள் போனார்கள். தபாலதிபர் சைக்கிளில் ஏறுமுன் என் கணவரின் தோளைத் தட்டினார். "நீர் பெரிய மனிசன் காணும்."

ஒஸ்ரின் வென்றது. அதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அந்த நேரத்தில் குளத்தடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஒண்டு கேக்கட்டே?" என்றேன். "முதல் எங்கடையை ஸ்ராட் பண்ணிப்போட்டு மிச்சத்தைக் குடுத்திருக்கலாம். ஏன் கடைசியாய் வந்தனீங்கள்?"

"யோசிக்கேல்லை."

"பன்னிரண்டு வருசம் ஓடின ஆள். ஒரு நாளும் தன்ரை எஞ்சின் ஆறி நிக்க மற்றவனுக்கு ஊத்தினதில்லை. நான் பாத்திருக்கிறன்."

அவர் சட்டைக் கையால் முகத்துப் புழுதியைத் துடைத்தார்.

"உமக்குத் தெரியும்தானே. பிறகேன் கேக்கிறீர்?"

அவர் போக விரும்பினார். போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. தோற்றால் போகலாம், தோற்பதற்கு ஒரு நல்ல காரணமும் வேண்டும். அதை நல்ல மனசு என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. மாரிகால வடக்கன் காற்றுத் தொடங்கமுன் கார் விலைப்பட்டது. அவர் குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்துக் கடலேரியால் படகில் போனார். கொஞ்ச வருடம் கடிதம் வந்தது. சொல்லிவிட்டுப் போயிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடித்து அனுப்பியிருப்பேன். அந்தச் சண்டையைத்தான் அவர் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்.

அன்றைக்குக் குளத்தடியில் நின்ற எங்களுக்குத் தார் றோட்டுத் தேநீர்க்கடையில்தான் பெற்றோல் துளி கிடைக்கும். அரை மைல், மெல்லிய இறக்கம். சைக்கிளைக் குளத்தடியில் விட்டேன். "நீர் ஏறி ஸ்ரியறிங்கைப் பிடியும்" என்றார். அதுவரை நான் அந்த இருக்கையில் இருந்ததில்லை. அவர் பின்னால் தள்ளினார். கார் சத்தமேயில்லாமல் நகர்ந்தது. இரண்டு பக்கமும் வயல் பொன்னிறமாக வந்து வந்து போனது. கண்ணாடியில் அவருடைய குனிந்த தலை மட்டும் தெரிந்தது.

பாதி வழியில் நான் பிறேக்கை மிதித்தேன். அவருக்குத் தெரியவில்லை. கல் ஏதும் தடுக்கிறது என்று நினைத்து, காலை ஊன்றி, முக்கி முக்கித் தள்ளினார். எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. பிறகு காலை எடுத்தேன்.